ஒரு சீட்டுக்கு ஒரு பெயர்

கண்களை மெல்ல மூடுங்கள் என்கிறது குரல். மூடியாயிற்று. நெற்றியைத் தளர்த்துங்கள், தாடையைத் தளர்த்துங்கள் என்கிறது. தாடை எப்படித் தளரும், காலை ஐந்தே முக்காலிலிருந்து அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். குரலுக்குச் சொந்தக்காரர் இங்கே இல்லை, எங்கோ ஒரு மலையடிவாரத்தில் இருக்கிறாராம். அவர் குரல் மட்டும் ஒரு சின்ன ஸ்பீக்கரில் ஏறிக்கொண்டு ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குப் பெருமாள்புரத்தில் இந்த நர்சரி பள்ளிக்கூடத்து ஹாலுக்கு வந்துவிடுகிறது. நாற்பது பேர் இருப்பார்கள். நீலப் பாய்களில் பாதிப் பேர், முட்டு மடக்க முடியாதவர்கள் எல்கேஜி பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில். அறுபது வயசு ஆட்கள் மஞ்சள் முயல் படம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து இதயம் திறக்கக் காத்திருக்கிறார்கள். சுவர் முழுக்கப் பிள்ளைகளின் கை அச்சு, பெயிண்டில் முக்கி ஒட்டியது, ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர். கண்ணை மூடுவதற்கு முன்னால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முன்வரிசையில் ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கிறாள். இந்த வாரம் வேண்டுதல் சீட்டு வாசிக்கிற முறை அவளுக்கு. பிரமநாயகி அம்மா வாசிச்சா மனசுக்கு இதமா இருக்கும் என்று வாசலில் ஒரு அத்தை என்னிடம் சொன்னாள், என் கன்னத்தைத் தொட்டு, இதுதான் ஒங்க ஒரே பொண்ணா என்று அம்மாவிடம் கேட்டாள். ஆமா, மங்கை, யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ணுதா என்றாள் அம்மா. கேள்வியில் இருந்த ஒரே-வை அவள் சும்மா தாண்டிப் போனாள், மழைத் தண்ணீரைத் தாண்டுவதுபோல, சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு. நான் வாயைத் திறக்கவில்லை. ஒப்பந்தம் அப்படி. நீ ஒரே ஒரு ஞாயித்துக்கிழம வந்து உக்காருட்டி, எங்கிட்ட மல்லுக்கு நிக்காம ஒரு மணி நேரம் வாயப் பொத்திக்கிட்டு உக்காரு, பெறகு அவட்ட பேசுதேன் என்றாள் அம்மா. அவள் என்றால் வடிவு, என் அக்கா, அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் படுத்திருப்பவள், பதினான்கு மாதமாக எங்கள் வீட்டில் பெயர் சொல்லப்படாதவள்.

நெஞ்சின் நடுவே கவனத்தைக் கொண்டுவாருங்கள், அங்கே ஒரு மொட்டு இருக்கிறது. இல்லை. நெஞ்சின் நடுவே எலும்பு இருக்கிறது, அதன் பின்னால் அடித்துக்கொள்கிற ஒன்று இருக்கிறது, அதை மொட்டு என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். காலையில் வடிவு போனில் பேசியபோது மூச்சு வாங்கியது. மங்க, பிபி எறங்கமாட்டேங்கு, பத்து மணிக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்துருவோம்னுட்டாங்க, அம்மாவக் கூட்டிட்டு வாரியா என்றாள். வாரேன் என்றேன். அது எப்படி வராமப் போறா, நான் பாக்கேன், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு என்று ஆரம்பித்தேன். அவள் நிறுத்தினாள். ஏட்டி, எதையாவது பேசி ஜெயிச்சுட்டு வராத, கூட்டிட்டு வா, அது போதும். இப்போது மணி ஏழே கால் இருக்கும். போன்களையெல்லாம் வாசலில் ஒரு துணிப்பையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், என்னுடையது மற்ற முப்பத்தொன்பது போன்களோடு சேர்ந்து இருட்டுக்குள் கிடக்கிறது, அது இப்போது அடித்தால் யாருக்கும் கேட்காது. எட்டு மணிக்கு இது முடியும், கல்கண்டு கொடுப்பார்கள், ஐந்து நிமிஷம், ஆட்டோ பிடித்தால் இருபது நிமிஷம், எட்டரை, வேண்டாம், ஒன்பது என்றே வைத்துக்கொள்வோம், ஒன்பதுக்கு அம்மா அவள் கட்டில் பக்கத்தில் நிற்கலாம். நிற்பாளா. பேசுதேன் என்றுதானே சொன்னாள். பேசுவதும் நிற்பதும் வேறு வேறா. என்றைக்கு என்று கேட்டேனா, கேட்கவில்லை, மூன்று வருஷம் பட்டிமன்றக் கோப்பை வாங்கியவள், எதிரணி எங்கே ஓட்டை வைத்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவள், தேதி கேட்காமல் ஒப்புக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறேன். பெறகு என்றாள். பெறகு என்ற சொல்லுக்குள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அடங்கும். ஃபேன் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்கிறது. டக். வாசலில் எழுதிப் போட்ட சீட்டை இரண்டாக மடித்தேனா, நாலாக மடித்தேனா.

உங்களுக்கு மிகவும் பிரியமான ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், அவர் முகம் மொட்டின் மேல் ஒளியாக விழட்டும். முகம் வரவில்லை, முதுகுதான் வருகிறது. அடுப்பைப் பார்த்து நிற்கிற வடிவின் முதுகு, நைட்டியின் மேல் துண்டு, வலது கையில் தோசைக்கரண்டி. அம்மா சாப்பிட்டுக்கொண்டே எதிர்த்தெருக் குடும்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், அந்த வீட்டுப் பெண் யாரையோ கட்டிக்கொண்டு போய்விட்டாள், வேற ஆள்க, வளர்ப்பு சரியில்ல என்றாள். நான் விடுவேனா. வளர்ப்பு என்றால் என்ன, சாதி என்றால் என்ன, உன் மன்றத்தில் எல்லா உயிரும் ஒன்று என்று வாரம் தவறாமல் சொல்கிறாயே அதில் அந்தப் பையன் வருவானா மாட்டானா, எறும்புக்குச் சர்க்கரை வைக்கிறாய், முட்டை விற்றால் அந்தக் கடையிலேயே கால் வைக்கமாட்டாய், மனுஷன் மட்டும் கணக்கில் இல்லையா என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கினேன். நன்றாகப் பேசினேன். இப்போதும் சொல்வேன், ஒரு வாதம்கூடத் தப்பில்லை. அம்மா சட்னியைத் தொட்டுக்கொண்டு, நீ என்னமும் பேசு, நம்ம வீட்டுல அப்பிடி ஒண்ணு நடக்காது என்றாள். அந்தக் கடைசி ஒரு அடி பாக்கி இருந்தது, அதை அடிக்காமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நடந்தாச்சும்மா, வேணும்னா வடிவுட்டயே கேட்டுப் பாரு என்றேன். அப்பாவுக்குத் தலைத்திவசம் கழியட்டும், நானே பதமாச் சொல்லிக்கிடுதேன், நீ மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோ என்று ஒரு மாதத்துக்கு முன்னால் வடிவு என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். முதுகு திரும்பவில்லை. தோசை தீயும் வாசனை வந்தது. அவள் அடுப்பை அணைத்தாள், கரண்டியை அதன் இடத்தில் வைத்தாள், மறுநாள் காலையில் போய்விட்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அதற்கும் என்னிடம் ஒரு பதில் இருந்திருக்கும், அதனால்தான் திட்டவில்லையோ என்னவோ.

கால் மரத்துவிட்டது. பக்கத்து அத்தையின் மூச்சு ஏறி இறங்குகிறது, அவளுக்கு மொட்டு மலர்ந்துவிட்டதுபோல. கிண்டல் பண்ணாதே. அம்மா இங்கே வரத் தொடங்குவதற்கு முன்னால் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும், அப்பா போனதும் நாலு மாதம், சோற்றைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், குளிக்கப் போனால் தண்ணீர் திறந்திருக்கும், குளிக்கமாட்டாள். இந்தப் பாய்தான் அவளை எழுப்பியது. இந்தக் குரல்தான் தூங்கவைத்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்து, ஏட்டி மங்க, ஒரு சுண்டு அரிசி கூடப் போடு, பசிக்கு என்றாள், வடிவும் நானும் அடுப்படியில் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றோம். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாததுதான் என் கோபமே. இந்த அம்மா நடிக்கவில்லை. அவள் கண்ணை மூடினால் உண்மையாகவே கண்ணீர் வருகிறது, உலகத்து உயிர்கள் எல்லாம் என்று குரல் சொன்னால் அவள் கன்னம் நனைகிறது, அந்த எல்லாவுக்குள் யார் யாரோ போய் நிற்கிறார்கள், அடிபட்ட நாய், பெயர் தெரியாத நாட்டில் வீடிழந்தவர்கள். இங்கிருந்து நாலு கிலோமீட்டரில் கிடக்கிற ஒருத்திக்கு அதில் இடமில்லை. பொய்யாக இருந்தால் உடைத்துவிடலாம். நிஜமான அன்பை, அது நிஜமாக இருந்துகொண்டே இவ்வளவு சின்னதாக இருப்பதை, எதைக்கொண்டு உடைப்பது.

உங்களைப் புண்படுத்திய ஒருவரை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாதான், வேறு யார். அனுப்புகிறேன், ஒளியை, இந்தா. போகமாட்டேன் என்கிறது. பாதி வழியில் என்ன வந்து நிற்கிறது பார், ஒரு எவர்சில்வர் டம்ளர். இதை ஏன் இப்போது. ஆடி மாசம் அம்மாவுக்குத் தெரியாமல் அக்கா வீட்டுக்குப் போனேன், ஒரே அறை, ஜன்னலில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தாள். பேச்சிமுத்து அத்தான் (அத்தான் என்று கூப்பிட்டதற்கே அவர் கூச்சப்பட்டு வாசலைப் பார்த்தார்) தானே டீ போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரில் கடை ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது. எனக்கென்று புதிதாக வாங்கியிருக்கிறார். அவர்கள் வாய் வைத்த டம்ளரில் நான் குடிப்பேனோ மாட்டேனோ என்று யோசித்து, கடைக்குப் போய், வாங்கி, கழுவி, அவசரத்தில் ஸ்டிக்கரை உரிக்க மறந்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கலங்கினால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன், பேசினேன், பத்து நிமிஷம், இந்த டம்ளர் எப்படி வந்தது, இதை வாங்கவைத்தது யார் என்று. வடிவு சிரித்தாள். ஏட்டி, லெக்சரு போதும், டீயக் குடி, ஆறுது. குடித்தேன். குடித்தேனே. ஆனால் அதற்கு முன்னால், டம்ளர் கைக்கு வந்ததற்கும் உதட்டுக்குப் போனதற்கும் நடுவில், அரை நொடி. கை நின்றது. சூடாக இருந்தது, அதனால். ஸ்டிக்கரைப் பார்த்தேன், அதனால். ஆறுது என்று அவள் சொன்னது பத்து நிமிஷம் கழித்து, அதற்கு முன்னால் சூடாகத்தானே இருந்திருக்கும். இப்படி எட்டு மாதமாக அந்த அரை நொடிக்குச் சாட்சி தேடிக்கொண்டிருக்கிறேன். சூடு என்றால் சேலையால் பிடித்திருப்பேன், பிடிக்கவில்லை, சுடிதார் போட்டிருந்தேன், துப்பட்டா இருந்தது. அவர் பார்த்தார். பார்த்துவிட்டுச் சர்க்கரை போதுமா என்று கேட்டார். எந்த வீட்டுச் சோறு, எந்த அடுப்படி, இருபத்துநாலு வருஷம் என் கைக்குள் எதை ஊட்டியிருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது, ஆய்வேட்டில் இதைப் பற்றி முன்னூறு பக்கம் எழுதுவேன், கை நின்றதை எழுதமாட்டேன். மறுபடி ஏன் போகவில்லை. செமினார் இருந்தது. எட்டு மாதமுமா.

இப்போது மௌனம் என்கிறது குரல், பத்து நிமிடங்கள், உள்ளே திறப்பது தானே திறக்கும். டக். டக். யாரோ இருமுகிறார்கள். சீட்டில் எழுதியதைத் திரும்பவும் ஓட்டிப் பார்க்கிறேன். வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா, அதன் பக்கத்தில் தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், யாருக்காக வேண்ட வேண்டுமோ அவர் பெயரையும் குறையையும் அதில் எழுதிப் போடலாம், வாசிப்பவர் நலமாகுக என்பார், எல்லாரும் நலமாகுக என்பார்கள். டப்பாவைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது. அம்மா செருப்பை ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தாள். எழுதினேன், வடிவாம்பிகா, சுகப்பிரசவம். அப்படியே போட்டிருக்கலாம். பேனா கையில் இருந்தது. இது மட்டும் போதாது என்று ஒரு குரல், அது என் குரல்தான், பாதிப் பெயரைச் சொன்னால் பாதி மன்னிப்பு, அவள் யாரைக் கட்டினாளோ அவன் பெயரையும் அம்மா வாயால் இந்த நாற்பது பேருக்கு முன்னால் சொல்லட்டும், சொன்னால்தான் சொன்னது. வடிவாம்பிகாவுக்குப் பக்கத்தில் பேச்சிமுத்து என்று சேர்த்தேன். கொட்டை எழுத்தில். என் எழுத்து அம்மாவுக்குத் தெரியும், நான் எழுதினேன் என்று தெரியவேண்டும் என்றுதான் எழுதினேன். அப்போது நெஞ்சில் ஒரு இனிப்பு இருந்தது, பட்டிமன்றத்தில் கடைசிப் பாயிண்டைக் கையில் வைத்துக்கொண்டு முறை வரக் காத்திருக்கும்போது இருக்குமே, அது. ஜெயிச்சுட்டு வராத என்று இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் சொன்னாள். எடுத்துவிடலாமா. எழுந்து போய், காலில் ரத்தம் ஓடவில்லை, நாற்பது பேரும் கண் திறப்பார்கள், டப்பா இப்போது அம்மா மடிப்பக்கம் இருக்கிறது. இறைவா என்று சொல்லிப் பார்த்தேன். யாரையும் அப்படிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, வாய் அசையாமல் சொன்னேன். என் வாதம் தோற்கட்டும், அவள் பெயரை மட்டும் வாசிக்கட்டும், அவன் பெயரை விட்டுவிட்டுக்கூட வாசிக்கட்டும், நான் கேட்கமாட்டேன், இனி ஒருநாளும் கேட்கமாட்டேன். இதுதான் பிரார்த்தனையா, சிரிப்பு வருகிறது, அவனை விற்று அவளை வாங்குகிறேன்.

டப்பா மூடி திறக்கிற சத்தம். கண் திறக்கக் கூடாது, திறந்தேன், ஒரு கோடளவு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறாள். கணபதியாபிள்ளை, முட்டுவலி, நலமாகுக. நலமாகுக என்கிறது ஹால். அவள் குரல் எவ்வளவு நன்றாக இருக்கிறது, எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பேசுகிற குரல். செல்வி உமையாள், பத்தாம் வகுப்புத் தேர்வு, நலமாகுக. நலமாகுக. பிச்சம்மாள், கண் ஆபரேஷன். நலமாகுக. அடுத்த சீட்டைப் பிரித்தாள். நாலாகத்தான் மடித்திருக்கிறேன். டக் என்றது ஃபேன், இன்னொரு டக், இன்னொன்று. அவள் வாய் கொஞ்சம் திறந்தது. முதல் எழுத்துக்கு உதடு பல்லைத் தொட்டதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன், வ-வுக்கு அப்படித்தான் தொடும். பிறகு கண் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தது, அடுத்த பெயருக்கு. உதடு சேர்ந்துகொண்டது. பெயர் எழுதாத ஒருவர், சுகப்பிரசவம் என்றாள். குரல் மாறவே இல்லை. நலமாகுக. ஹால் முழுக்க, பக்கத்து அத்தை, முயல் நாற்காலிக்காரர்கள், நல்ல மனுஷர்கள், உண்மையிலேயே வேண்டிக்கொண்டு, நலமாகுக என்றார்கள். நானும் சொன்னேன். எழுந்து நின்று அவளுக்குப் பெயர் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டியவள், தாடை தளர்ந்து, எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். வாயைத் திறக்கக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் அது ஒன்றுக்குத்தான் அனுமதி.

பிறகு பகிர்வு. பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து, கண்ணைப் பார்த்து, கல்கண்டு ஊட்ட வேண்டும். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, கை இப்பிடிச் சில்லுனு இருக்கே தாயி என்றாள். அம்மா ஒவ்வொருவருக்காக ஊட்டிக்கொண்டே வந்து என் முன்னால் நின்றாள். கன்னம் நனைந்திருந்தது. கல்கண்டை என் வாயில் வைத்தாள், சின்னதாக இருந்தபோது மருந்து வைப்பாளே, அப்படி, உதட்டில் விரல் படாமல். துப்பிவிடலாம் போலிருந்தது, துப்பவில்லை. வெளியே படிக்கட்டில் செருப்பைத் தேடும்போதுதான் கேட்டேன். கேட்டேன் என்றால் குரலை உயர்த்தாமல். ஏம்மா அப்பிடி வாசிச்ச. அவள் குனிந்து வாரைப் போட்டுக்கொண்டே சொன்னாள். ஒரு சீட்டுக்கு ஒரு பேருதான்ட்டி. ரெண்டு பேரு எழுதுனா வாசிக்கக்கூடாது, இங்க அது விதி. அத மீறித்தான் வாசிச்சேன். அவ பேர மட்டும் எழுதியிருந்தா வாசிச்சிருப்பேன், நீ ஒன் வீம்புக்கு எழுதின. வாசித்திருப்பாளா. தெரியாது. உதடு பல்லைத் தொட்டது மட்டும் தெரியும். சரிம்மா, நான் எழுதுனது தப்பு, வா, ஆட்டோ புடிக்கேன், பத்து மணிக்கு உள்ள கொண்டு போயிருவாங்க என்றேன். தப்பு என்ற சொல்லை அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேசுதேன்னு சொன்னேன்ல, பேசுதேன், இன்னைக்கின்னா சொன்னேன், எல்லாம் நல்லபடியா முடியட்டும், பெறகு. நீ வேணா போயிட்டு வா. எனக்குக் கல்கண்டு தட்டெல்லாம் கழுவ வேண்டியிருக்கு. உள்ளே போய்விட்டாள். போட்ட செருப்பைத் திரும்பக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு.

துணிப்பையில் கை விட்டுத் துழாவினேன், எல்லா போனும் ஒரே வழவழப்பு. என்னுடையது கைக்கு வரும்போதே அதிர்ந்துகொண்டிருந்தது. மங்க, இப்பவே கொண்டுபோறாங்களாம், துணி மாத்திட்டாங்க, அம்மா கெளம்பிட்டாளா. வாயில் கல்கண்டு இன்னும் கரையவில்லை, கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டேன். நான் வாரேன், இந்தா ஆட்டோல ஏறுதேன் என்றேன். அம்மா எங்க என்றாள் வடிவு. ஒனக்காக இங்க எல்லாரும் வேண்டிக்கிட்டாங்க, நாப்பது பேரு, அம்மாதான் சீட்டு வாசிச்சா என்றேன். அது பொய்யில்லை, ஒவ்வொரு சொல்லும் நிற்கும், யார் வேண்டுமானாலும் மறுத்துப் பேசிப் பார்க்கட்டும். அவள் மூச்சு கேட்டது. எம் பேரச் சொன்னாளா. உள்ளே தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற சத்தம், குழாய்த் தண்ணீர். ம் என்றேன். எப்பிடிச் சொன்னா, வடிவுன்னா, வடிவாம்பிகான்னா. வடிவுன்னு என்றேன். அந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிரீச்சிட்டது. பிறகு போனை விட்டு வாயைத் திருப்பி அவள் யாரிடமோ சொல்வது கேட்டது, அம்மா எம் பேரச் சொன்னாளாம், வடிவுன்னே சொன்னாளாம். அத்தான் ஏதோ கேட்டார், எனக்குச் சரியாக விழவில்லை. அவள் சிரித்தாள், இழுத்து, வலியோடு. ஒங்க பேரா, ஆசையப் பாரு.